ராணியின் கட்டத்தில் வேறு பெயர்

1

இந்தக் கதை ஒரு சிறிய அவமானத்தில் பிறந்தது. பெரிய அவமானங்களைக் கதையாக எழுத எனக்குத் தைரியம் போதாது.

போன மாதம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு விரிதாள் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கணினியில் கட்டம் கட்டமாக இருக்கும், எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே திறந்து எழுதக்கூடிய தாள். பெயரும் பொறுப்பும் நான் எழுதியவை, அவற்றை யாரும் தொடக்கூடாது. என்ன பலகாரம், எப்போது வர முடியும் என்பதை மட்டும் அவர்களே எழுதிக்கொள்ளலாம். மறுநாள் காலையில் பார்த்தேன். 'வரவேற்புரை'க்கு எதிரே இருந்த என் பெயரை யாரோ தூக்கி 'நாற்காலி அடுக்குதல்' என்பதற்கு எதிரே போட்டிருந்தார்கள்.

கோபத்தில் முழுத் தாளையும் பூட்டினேன். அதன் பிறகு யாராலும் எதையும் எழுத முடியவில்லை. கடவுச்சொல்லை மறந்துவிட்டதால் என்னாலும் முடியவில்லை. நாற்காலி அடுக்குபவனாகவே பூட்டப்பட்டுக் கிடந்தேன்.

பிறகு கையேட்டைப் படித்தேன். கட்டங்கள் எல்லாம் பிறக்கும்போதே பூட்டோடுதான் பிறக்கின்றனவாம். பாதுகாப்பை இயக்கும்வரை அந்தப் பூட்டு தூங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆகவே திறந்திருக்க வேண்டியவற்றின் பூட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். பாதுகாப்பைப் போடுவது அதற்குப் பிறகு. நான் செய்தது தலைகீழ்.

'பிறக்கும்போதே பூட்டோடு' என்ற வரியோடு அன்று சாயங்காலம் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

விரிதாளைப் பற்றிக் கதை எழுதினால் யார் படிப்பார்கள்? அதில் யாரும் சாவதில்லை, யாரும் காதலிப்பதில்லை. அதனால் கதையை மலாயா விடுதலை அடைந்த 1957க்கு நகர்த்திவிட்டேன். அந்த வருடத்தில் வைத்தால் குடை தொலைந்த கதைகூட வரலாறு மாதிரித் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "நாடே விடுதலைக்காகக் கண்விழித்துக் காத்திருந்த அந்த—"

வேண்டாம். நாடு காத்திருந்ததா என்று எனக்கெப்படித் தெரியும்? நான் பிறக்கவே இல்லை. மலாக்காவின் காஜா பெராங் சாலையைப் பொறுத்தவரை அது கோப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

இரண்டாவது: "காஜா பெராங் சாலையில் மஞ்சள் வெயில் சரிந்து—"

வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

மூன்றாவது:

நல்லையாவுக்குச் சாக விருப்பமில்லை.

இது இருக்கட்டும்.

3

நல்லையாவுக்குச் சாக விருப்பமில்லை. விடுதலை நாளுக்கான 'ராணி செங்காந்தள்' நாடகத்தில் அவர்தான் அந்நிய மன்னன். கடைசிக் காட்சியில் ராணியின் வாளால் குத்துப்பட்டுச் சாக வேண்டும். காஜா பெராங் சாலையில் சலவைக் கடை வைத்திருப்பவர், தெருவே மரியாதையாக 'டோபி முதலாளி' என்று கூப்பிடுகிறது. அப்படிப்பட்டவர் எல்லார் முன்னாலும் தரையில் விழுந்து துடிப்பதா?

ஒத்திகை நடந்தது அவர் கடையின் பின்கட்டில்தான். இஸ்திரி மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டால் நல்ல இடம் கிடைக்கும். அங்கே சுவரில் ஒரு கறுப்புப் பலகை. அதைச் செய்து மாட்டியவர் சேதுராமன், நாடகத்தை எழுதியவரும் அவரே. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். ஊர் வழக்கப்படி 'கிராணி' என்பார்கள்.

பலகையில் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்திருந்தார். இடப்பக்கம் மூன்று பத்தி: பாத்திரம், நடிப்பவர், வரும் காட்சிகள். வலப்பக்கம் இன்னும் மூன்று: உடை, கொண்டுவர வேண்டிய சாமான், ஒத்திகைக்கு வர முடியாத நாள். இடப்பக்கம் கிராணிக்கு, வலப்பக்கம் எல்லாருக்கும். ஒரே சாக்கட்டி, ஒரே துணி.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்தில் இருந்திருப்பீர்கள்.

நல்லையா தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாகத் தன் சாவை அழித்தார். 'காவலன் 2' ஒரு நாள் மதியம் தன்னைத் தளபதியாக உயர்த்திக்கொண்டான். ராணி வேஷம் கட்டும் கலியாணசுந்தரம் தனக்கு ஒரு சோகக் காட்சி சேர்த்துக்கொண்டார், பிறகு இன்னொன்று. ஒரு வாரத்தில் அந்த நாடகத்தில் எல்லாரும் தளபதிகள், யாரும் சாகவில்லை, ராணி மட்டும் ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"இது நாடகமா, தேர்தலாய்யா?" என்று கத்தினார் சேதுராமன்.

"தேர்தல்னா ஓட்டாச்சும் இருக்கும், கிராணியாரே" என்றார் நல்லையா.

\* கலியாணசுந்தரத்தை இங்கே ஒழுங்காக அறிமுகப்படுத்த வேண்டும். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் ஓடும் பஸ்ஸில் நடத்துநர். பத்து வருடமாகப் பெண் வேஷம். அந்தக் காலத்தில் பெண் வேஷத்தை ஆண்கள்தான் கட்டினார்கள் என்று எழுதினால் நாடக வரலாறு தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே இப்படி: *இந்தக் குழுவில்* ஆண்கள்தான் கட்டினார்கள்.

4

சேதுராமன் முதலில் பலகையின் தலையில் எழுதினார்: 'இடப்பக்கம் யாரும் அழிக்கக் கூடாது.' மறுநாள் அழிக்கப்பட்டது அந்த வரிதான்.

பிறகு ஒரு பெரிய கண்ணாடி கொண்டுவந்து முழுப் பலகைக்கும் மேல் வைத்துத் திருகாணி போட்டார். இப்போது எதையும் யாரும் அழிக்க முடியவில்லை. எதையும் யாரும் எழுதவும் முடியவில்லை. யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று தெரியாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஐந்து கிரீடம் வந்தது, ஒரு வாள்கூட வரவில்லை. நல்லையாவை ஒரு துடைப்பக்கட்டையால் கொன்றார்கள். அன்றுதான் அவர் உண்மையிலேயே மனம் நொந்து செத்தார்.

(என் கடவுச்சொல் விஷயத்தை நினைவுபடுத்த வேண்டாம். எனக்கே தெரிகிறது.)

மூன்றாவது வழியைச் சொன்னது நல்லையாவின் தங்கை. இடப்பக்கம் பெயிண்ட், வலப்பக்கம் சாக்கட்டி. பெயிண்ட் அழியாது, சாக்கட்டி அழியும். பூட்டும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்.

"யார் இதைச் சொன்னது?" என்று கேட்டார் சேதுராமன்.

"நான்தான்" என்றது இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

கதையின் நான்காவது பகுதிவரை பாக்கியலட்சுமியை நான் உள்ளே விடவில்லை என்பதைக் கவனித்தேன். குழுவும் அப்படித்தான் வைத்திருந்தது. அவளுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. அது பாத்திரம் இல்லை என்பதால் பலகையில் அவளுக்குக் கட்டம் இல்லை. முழு நாடகமும் அவள் வாயில் இருந்தது. அதை வெளிச்சத்தில் நின்று சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஒருமுறை அண்ணனிடம் கேட்டாள். "பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார். இரண்டாவது முறை கேட்கவில்லை.

கலியாணசுந்தரம் ஒரு நிபந்தனை போட்டார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒருவன் பிரமாதமாகப் பெண் வேஷம் கட்டுகிறான், அவனை அழைத்துவரப் போகிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பெயிண்ட் அடிச்சப்புறம் நாலு பேரு சேந்து என் பேரத் தூக்கிட்டா? எழுத்துல வேணும்."

ஆகவே பலகையின் அடியில் ஒரு விதியும் சேர்ந்தது: 'வண்ணத்தில் உள்ளதை மாற்ற, வண்ணத்தில் பெயருள்ள அனைவரும் சம்மதிக்க வேண்டும்.'

அதே வாரங்களில் நாட்டுக்கும் ஒரு சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எதை யார் எப்படித் திருத்தலாம் என்று அதிலும் இருந்திருக்கும். அவர்கள் எங்கள் கிராணியைக் கேட்டிருக்கலாம்.

5

பெயிண்ட் அடிக்க வந்தவர் மருதப்பன். அதே சாலையில் மலாக்கா செட்டிகளின் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், வீடு. அவர்கள் தமிழ் மண்ணிலிருந்து வந்து சில நூறு வருடம் ஆகிவிட்டது. சாமி தங்கிவிட்டது, பொங்கல் தங்கிவிட்டது, பேச்சு மட்டும் மலாயாகிவிட்டது. மருதப்பன் கடைப் பலகை எழுதுபவர். சீன எழுத்து, தமிழ் எழுத்து, ரூமி என்னும் ரோமன் எழுத்து எல்லாம் அச்சு மாதிரி விழும். சீனமும் தமிழும் அவருக்குப் படிக்கத் தெரியாது. முன்னால் இருப்பதை அப்படியே வரைவார்.

(அவர் பேசியது மலாயில். இங்கே தமிழில் தருகிறேன். தன்னைக் கேட்காமல் தன் வாயில் தமிழை வைத்துவிட்டேன் என்று அவர் கோபித்துக்கொண்டால் அது நியாயமே.)

சனிக்கிழமை காலையில் சேதுராமன் இடப்பக்கம் முழுவதையும் சாக்கட்டியால் அழகாக எழுதிவைத்துவிட்டு அலுவலகம் போனார். அரைநாள் வேலை. மருதப்பன் பத்து மணிபோல வந்து ஆரம்பித்துவிட்டார். மதியம் எல்லாரும் வந்து பார்த்தபோது அவர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். பலகை பளபளவென்றிருந்தது. மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். சேதுராமன் சாக்கட்டியைத் தட்டியபோது 'அமைச்சர்' பக்கத்தில் விழுந்த புள்ளியைக்கூட விடவில்லை. அதற்கும் சிவப்பில் ஒரு குட்டி நிழல்.

நல்லையா செத்திருந்தார், நிரந்தரமாக. காவலன் காவலனாகவே இருந்தான்.

செங்காந்தள் என்ற பாத்திரத்துக்கு எதிரே பாக்கியலட்சுமி என்று இருந்தது.

கலியாணசுந்தரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "என்னா இது?"

"பாக்கியலட்சுமி" என்றார் சேதுராமன், மெதுவாக.

"எனக்கும் படிக்கத் தெரியும் கிராணியாரே. என் கட்டத்துல இவ எதுக்கு இருக்கான்னு கேக்குறேன்."

மருதப்பன் திரும்பினார். "சாலா கா?" தப்பா என்று கேட்கிறார். "என்ன இருந்ததோ அதைத்தான் எழுதினேன். அந்த ஒன்றுதான் கட்டத்தில் அடங்கவில்லை, எழுத்தை நெருக்கினேன். பாருங்கள், நன்றாக வந்திருக்கிறது."

நன்றாகத்தான் வந்திருந்தது. அந்தப் பலகையிலேயே அழகான எழுத்து அதுதான்.

"மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சா?" என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

"படகுக்கு அடிக்கிற பெயிண்ட் அது. கடல் தண்ணீரே ஒன்றும் செய்யாது."

"அப்ப கறுப்பு அடி மேல!"

"அடிக்கலாம்" என்று மருதப்பன் டப்பாவைக் கையிலெடுத்தார்.

"யாரும் கை வைக்காதீங்க" என்றார் சேதுராமன். "விதி இருக்கு. மொதல்ல கூட்டம்."

6

சேதுராமன் போனதற்கும் மருதப்பன் வந்ததற்கும் நடுவில் அந்தக் கட்டத்தில் கை வைத்தது யார்?

முதல் வரைவில் பாக்கியலட்சுமியே எழுதினாள். "நடுங்கும் விரல்களால் அவள்—" அடித்துவிட்டேன். காலையிலிருந்து கரி இஸ்திரிப்பெட்டி தூக்குகிறவளின் விரல் எதற்கு நடுங்க வேண்டும்?

இரண்டாவது வரைவில் காவலன் விளையாட்டுக்கு எழுதினான். தளபதிப் பதவி போன கோபம். இது நம்பும்படி இருந்தது, அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்றாவதில் சேதுராமனே தவறாக எழுதிவிட்டார். ராணியின் வசனத்தை எழுதும்போதெல்லாம் அவர் காதில் கேட்டது யாருடைய குரல் என்று யோசித்தால்— வேண்டாம், அங்கே ஒரு காதல் கதை வாசலில் நிற்கிறது. கதவைச் சாத்துகிறேன்.

எனக்கு விடை தெரியும். சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் சில கட்டங்களை உங்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறேன். கலியாணசுந்தரத்தின் மூக்கு எப்படி இருந்தது என்று நான் எழுதவில்லை, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். [இங்கே மழை பெய்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் பெய்யவிடுங்கள்.] காவலனுக்கு நான் பெயர் வைக்கவில்லை, உங்களுக்குப் பிடிக்காத யாராவது ஒருவரின் பெயரைப் போடுங்கள். ஆனால் எழுதியது யார் என்ற கட்டம் பூட்டியிருக்கிறது. அடுத்த பகுதியில் பாக்கியலட்சுமி சொல்லும் பதிலும் அப்படியே. அவற்றில் கை வைக்காதீர்கள்.

7

கூட்டம். இஸ்திரி மேசைகளின் மேல் ஆட்கள், நடுவில் சேதுராமன்.

"பாக்கியலட்சுமி பேர எடுத்துட்டுக் கலியாணசுந்தரம் பேரப் போட, சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்."

எல்லாக் கையும் மேலே போனது. கலியாணசுந்தரம் இரண்டு கையையும் தூக்கினார்.

சேதுராமன் தொண்டையைச் செருமினார். "உங்க கை செல்லாது."

"ரெண்டுமா?"

"ரெண்டும். வண்ணத்தில் பேரு உள்ளவங்கதான் சம்மதம் சொல்லலாம். உங்க பேரு பலகையில இல்லையே."

"அந்த விதியப் போடச் சொன்னவனே நான் லா!"

"அதான் ஒழுங்கா போட்டிருக்கோம்."

கலியாணசுந்தரம் கையை இறக்கினார். தன் வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவரின் முகம். அந்த முகத்தை நான் போன மாதம் கண்ணாடியில் பார்த்தேன்.

"அப்படின்னா" என்றார் சேதுராமன். அந்த எண்ணம் அவருக்கே பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "பாக்கியலட்சுமி கை தூக்கணும்."

எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். அவள் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கையத் தூக்கு பாக்கியம்" என்றார் நல்லையா.

"எதுக்குண்ணே?"

"உம் பேர அழிக்க."

"கை வலிக்குது. காலையிலேருந்து இஸ்திரி."

யாரோ சிரித்தார்கள். நல்லையா திரும்பிப் பார்த்ததும் நின்றது.

"நீதான் எழுதினியா?"

"நான் எழுதல."

"அப்ப அழிக்கிறதுல உனக்கென்ன?"

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கரி சிணுங்கியது. எனக்குப் பிடித்த மாதிரியான நீண்ட மௌனம் ஒன்று அங்கே வந்தது. அதை எத்தனை வரியில் எழுதுவது என்று தெரியாததால் ஒரு வெற்று வரி விடுகிறேன்.

 

"நான் எழுதல. ஆனா அழிக்கவும் மாட்டேன்" என்றாள். "கலியாணண்ணன் மறந்தா நான் ராணி. கிராணியார் மறந்தா நான் அமைச்சர். நீங்க சாகுறப்ப 'ஐயோ'ன்னு கத்த மறந்துடுறீங்களே, அதுகூட நான்தான் கத்துறேன். எல்லாம் துணிக்குப் பின்னாடி நின்னு. ஒரு தடவ முன்னாடி நின்னு சொல்றேனே."

"முன்னாடி நின்னா நாளைக்கு ஆளுங்க என்னா பேசும்?"

"என்னா பேசும்?"

"பேசும்!"

"அதான், என்னான்னு கேக்குறேன்."

"ஏதாச்சும் பேசும் லா! நான் என்ன அதையெல்லாம் எழுதியா வச்சிருக்கேன்?"

சேதுராமன் பலகையைப் பார்த்தார், விதியைப் பார்த்தார். இரண்டையும் கொண்டுவந்தவர் அவர்தான். இப்போது மீறினால் நாளை காவலன் மறுபடி தளபதியாவான். "விதிப்படி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, "பேரு அப்படியே இருக்கு."

நல்லையா எழுந்தார். "இருக்கட்டும். ஆனா ஒண்ணு. திரை யாருது? என் கடைத் துணி. வருஷக் கணக்கா யாரும் வந்து வாங்காத படுக்கை விரிப்பைச் சேத்துத் தச்சது. கயிறு யாரு கையில? என் கையில. அவ மேடையில நின்னா நான் திரைய இழுக்க மாட்டேன். மூடின திரைக்குப் பின்னாடி ராணியா இருக்கட்டும்."

8

கலியாணசுந்தரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இந்த இடத்தில் அவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும். எழுதியும் பார்த்தேன்: "பொறாமையில் வெந்துகொண்டிருந்த கலியாணசுந்தரம், ராணியின் வாளை எடுத்து—" எடுத்து என்ன செய்வார்? அட்டை வாள். ஐந்து கிரீடம் வந்த பிறகு அவரே உட்கார்ந்து வெட்டியது.

பத்து வருடம் ஒருவர் ஒன்றைச் செய்திருக்கிறார். அதைக் கேலி செய்தவர்கள் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது கேலி செய்தார்கள், மேடைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். இப்போது ஒரு பெயிண்ட் டப்பா அதை எடுத்துக்கொண்டது. எனக்கு அவரைக் கோமாளியாக்க மனம் வரவில்லை, நியாயவானாக்கவும் வரவில்லை. ஆகவே கடைக்கு அனுப்பினேன்.

ராணியின் சிவப்புச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தார். மேசைமேல் போட்டார்.

"மடிப்பு நல்லா வை. நடக்குறப்ப விரியணும்."

"யாரு நடக்குறப்பண்ணே?"

"சேலை நடக்குறப்ப."

அவள் சேலையை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். அவர் போகவில்லை.

"உன் நடையப் பாத்தேன். துணி மூட்ட தூக்குற நடை. ராணி அப்படியா நடப்பா?"

"நீங்க பஸ்ஸு ஓடுறப்ப நடக்குற மாதிரிதான் நடக்குறீங்க. ராணிக்கு என்னா, கம்பியப் புடிக்காட்டி விழுந்துருவாளா?"

"அந்த நடைக்குத்தான் போன வருஷம் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"நானும்தான் தட்டினேன். பின்னாடி இருந்து. யாரும் பாக்கல."

அவர் ஒரு சட்டையை எடுத்துப் பொத்தானைப் பார்ப்பது போலப் பார்த்தார். யாருடைய சட்டையோ.

"நான் விட்டுக் குடுக்கல, தெரிஞ்சுக்க. உன் எடத்துல நான்தான் வசனம் எடுத்துக் குடுக்கப் போறேன். நீ ஒரு வரி மறந்தாலும் சேலையப் புடிச்சு இழுத்து உள்ள தள்ளிட்டு நானே போய் நிப்பேன்."

"மறக்க மாட்டேன்."

"அதான் பயமா இருக்கு" என்றார். சேலையைச் சுட்டிக்காட்டினார். "கரி அதிகம் போடாத. பட்டு பொசுங்கிடும்."

9

முடிவுகள்.

முதலாவது: கூட்டத்துக்கு மறுநாள் நல்லையாவே கறுப்புப் பெயிண்ட் வாங்கிவந்து அடித்துவிடுகிறார். பாக்கியலட்சுமி திரைக்குப் பின்னால் போகிறாள். நாடு விடுதலை அடைகிறது. இது நடந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மனைவி மறுபடி நெற்றியைத் தொட்டாள்.

இரண்டாவது: அவள் நடிக்கிறாள், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, அண்ணன் திரைக்குப் பின்னால் அழுகிறார். படித்துப் பார்த்து வெட்கப்பட்டேன். நல்லையா அழ மாட்டார். சலவைக் கடைக்காரர், ஈரத்தைக் காயவைப்பது எவ்வளவு தொல்லை என்று அறிந்தவர்.

மூன்றாவது: இடைவேளைவரை கலியாணசுந்தரம் ராணி, பிறகு பாக்கியலட்சுமி ராணி. இது குழுவாகக் கூடி எழுதிய முடிவு மாதிரி இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி ராணி, ஒருவருக்கும் முழு ராணி இல்லை. சேதுராமனுக்கு மட்டும் பிடிக்கும்.

நான்காவது முடிவை எழுத உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. அந்தக் கட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சேதுராமன் சொன்னார், கலியாணசுந்தரம் சொன்னார், நல்லையா சொன்னார். இப்போது நானும் வரிசையில் வந்து நிற்கிறேன், அதுவும் அறுபது எழுபது வருடம் கழித்து, ஒரு நாற்காலி அடுக்குபவன். அதனால் நாடக நாள் சாயங்காலத்தை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அதற்குமேல் போகப்போவதில்லை.

10

ஆகஸ்ட் முப்பத்தொன்று, விடுதலை நாள், சாயங்காலம். காஜா பெராங்கில் ஒரு திடல். மரப்பலகை மேடை, நாலு மூலையிலும் புதுக் கொடி. ஆட்கள் காலையிலிருந்து ஊர்வலம் பார்த்து, கூவி, தொண்டை கட்டி, இப்போது உட்கார ஓர் இடம் வேண்டும் என்று வந்திருந்தார்கள். கறுப்புப் பலகையைக் கழற்றிவந்து மேடையின் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார் சேதுராமன். தமிழ் தெரிந்தவர்கள் கூட்டமாக நின்று படித்தார்கள். மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். ராணி யார் என்பதில் யாருக்கும் இப்போது சந்தேகம் இல்லை. சிலர் ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மருதப்பன் வீட்டாரோடு வந்து முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்.

திரைக்குப் பின்னால் கலியாணசுந்தரம் அவளுக்குக் கிரீடத்தைக் குத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆடாத. ஊசி மண்டையில ஏறிடும்."

"ஏறிடுச்சு."

"நல்லது. வசனம் மறக்காது."

நோட்டுப் பிரதியை எடுத்துக்கொண்டு அவள் வழக்கமாக நிற்கும் இருட்டு மூலைக்குப் போனார். அங்கே எப்படி நிற்பது என்று தெரியாமல் இரண்டுமுறை இடம் மாறினார்.

நல்லையா மன்னர் உடையில், பெரிய மீசையோடு கயிற்றடியில் நின்றார். நான்காம் காட்சிவரை அவருக்கு மேடையில் வேலை இல்லை. பாக்கியலட்சுமி அவரைக் கடந்து நடு மேடைக்குப் போனாள்.

"இழுக்க மாட்டேன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"அப்புறம் எதுக்கு வந்து நிக்கிற?"

"நிக்கிறதுக்கு உங்க கயிறு எதுக்குண்ணே?"

சேதுராமன் ஓரத்திலிருந்து கையைக் காட்டினார். நேரம் ஆகிவிட்டது. நல்லையா அசையவில்லை. வெளியே கூட்டம் சலசலத்தது. பிள்ளைகள் அழுதன, ஒருவர் விசிலடித்தார், கச்சான் கடலை விற்பவன் இன்னும் கூவிக்கொண்டிருந்தான். சேதுராமன் மறுபடி கையைக் காட்டினார். நல்லையா கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். இழுப்பதற்கா, இழுக்காமல் இருப்பதற்கா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

அப்போது அவள் ஆரம்பித்தாள், மூடிய திரைக்குப் பின்னால் நின்றபடியே.

"யார் அங்கே? என் வாசலில் நின்றுகொண்டு என்னை உள்ளே வரச் சொல்வது யார்?"

சேதுராமன் எழுதிய வசனம்தான். ஒத்திகையில் ஆயிரம்தடவை கேட்டது. ஆனால் இதுவரை அது ஒருவருக்கு மட்டும் கேட்கும் அளவில், கிசுகிசுப்பாக வந்த குரல். முழு அளவில் யாரும் கேட்டதில்லை, அவள் அண்ணன் உட்பட. கச்சான் விற்பவன் கூவுவதை நிறுத்தினான். திடல் அடங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் முழுக்க அடங்கியது.

அவள் அடுத்த வரியைச் சொல்லவில்லை. மறக்கவில்லை. இருட்டு மூலையில் கலியாணசுந்தரம் பிரதியைத் திறக்காமலே உதட்டை அசைத்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

திரையில், நல்லையாவின் கண் உயரத்தில், பழைய விரிப்பு ஒன்றில் இஸ்திரி பொசுக்கிய சிறிய ஓட்டை இருக்கிறது. அவர் குனிந்து, மீசையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, அதன் வழியாக வெளியே பார்க்கிறார்.

அவர் பார்ப்பது உங்களை. முன்வரிசையில் உங்களுக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறேன். நாற்காலியை நானே அடுக்கினேன். மடியில் கச்சான் பொட்டலம், எதிரே மூடிய திரை, முதல் வசனம் முடிந்துவிட்டது. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.